எலும்பு கூடிவிட்டது

பிப்ரவரி 9
மாவுக்கட்டோடு நான்காவது வாரம். அம்மா தலை வாரிவிட்டாள். எனக்கு இருபத்தாறு வயது. "சின்னப் புள்ளையா இருந்தப்பகூட நீ இப்படி ஒழுங்கா உக்காந்ததில்லடி" என்று சிரித்தாள். சலவைக் கூடத்தின் ஈரத்தரையில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டவளுக்கு என்ன சிரிப்பு? ஓட்டலில் தங்குகிறவர்களுக்கு வெள்ளை வெளேரென்று விரிப்பு வேண்டும். அது எவள் கையால் வெளுக்கிறது என்று எவனுக்குக் கவலை.

பிப்ரவரி 26
கட்டைப் பிரித்தார்கள். மெலிந்து, தோல் உரிந்து, நாறியது. என் கை மாதிரியே இல்லை. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "எலும்பு கூடிடுச்சு. வேலைக்குப் போகலாம்." உள்ளே வலிக்கிறதே என்றேன். "பழகப் பழகச் சரியாயிடும்." சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மார்ச் 4
இரட்டைக் கட்டில் விரிப்பை இருவர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, உதறி மடிக்க வேண்டும். முதல் உதறலிலேயே என் முனை நழுவியது. என் ஜோடிக்கு ரயில் என்று பெயர், அவ்வளவு பேச்சு. சட்டென்று நகர்ந்து சூப்பர்வைசர் கண்ணில் படாமல் என்னை மறைத்தாள்.
"நீ சும்மா இறுக்கிப் புடிச்சுக்க, போதும். உதறுறத நான் பாத்துக்கறேன். மூஞ்சிய மட்டும் மாத்து, எழவு வீட்டுக்கு வந்தவ மாதிரி நிக்கற."
மாதக் கடைசி வரை தாக்குப்பிடித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வெளியே.

மார்ச் 13
பிடிக்கிறேன். அவ்வளவுதான்.

மார்ச் 22
உதறும்போது மணிக்கட்டுக்குள் 'டக்' என்று கேட்டது. கத்தவில்லை. ஆனால் விரிப்பு கையிலிருந்து விழுந்ததை சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

மார்ச் 24
வேறு டாக்டர். ஸ்கேன்.
"விழுந்த அன்னைக்கே ஜவ்வும் கிழிஞ்சிருக்கும்மா. அது எக்ஸ்ரேல தெரியாது. இந்தக் கையோட என்ன வேலை பாத்தீங்க?"
சொன்னேன். பேனாவை வைத்துவிட்டார்.
"அவங்க உதற உதற நீங்க இறுக்கிப் புடிச்சிருக்கீங்க. இழுப்பு மொத்தமும் இங்கதான் வந்திருக்கு."
ரயிலிடம் இதை எப்படிச் சொல்வது?

மார்ச் 31
நிரந்தரப் பட்டியலில் ரயில் இருக்கிறாள். நான் இல்லை. சூப்பர்வைசர் நிதானமாகச் சொன்னார்: "எலும்பு கூடிடுச்சுன்னு சீட்டு கொண்டாந்தது நீதானேம்மா?"
தலையாட்டிவிட்டு வந்தேன். குழாய் ஒழுகி தரையெல்லாம் ஈரமாகுதுன்னு நாங்க எத்தன தடவ சொன்னோம்? அத ஏன் கேக்கல நான்? வாயிலயா அடிபட்டுச்சு?

மே 20
ஆபரேஷன் ஆயிற்று. ஜவ்வைத் தைத்து இரண்டு கம்பி செருகியிருக்கிறார்கள். ரயில் வந்தாள். அம்மா அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். ரயில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் போர்வை முனையை மடித்து மடித்துப் பிரித்தாள்.
"உனக்கு நல்லதுதான்டி நெனச்சேன்."
"தெரியும்."
தெரியும்தான். ஆனாலும் அவள் கைகளைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 2
கம்பியை எடுத்தாயிற்று. பிசியோ அக்கா மேசையில் ஒரு துண்டை விரித்து, விரலால் சுருட்டச் சொல்கிறார். பாதி வரை சுருட்டினேன். "சூப்பர்" என்றார். என்ன சூப்பர்.

அக்டோபர் 17
பாட்டில் மூடி திறக்கவில்லை. சுவரில் எறிந்தேன். இடது கையால்.

டிசம்பர் 11
ஜவ்வில் போட்ட தையல் நிற்கவில்லை. உள்ளே குருத்தெலும்பும் அரித்துப்போயிருக்கிறது. தகடு வைத்து மணிக்கட்டை ஒரேயடியாகப் பூட்டிவிடலாம், வலி போய்விடும், ஆனால் இனி மடங்காது என்றார் டாக்டர். அம்மா அழுதாள். நான் சரி என்றேன். வலி போனால் போதும்.
எழுந்தவளை மறுபடி உட்காரச் சொன்னார்.
"ஒண்ணு முடிவு பண்ணணும்மா. ஒரு தடவ வச்சா வச்சதுதான், அப்புறம் மாத்த முடியாது. உங்க வேலைக்குத் தோதான கோணத்துல கைய நிறுத்திடறேன். என்ன வேல பாக்கறீங்க?"
அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.
வெள்ளிக்கிழமை வந்து சொல்கிறேன் என்றேன்.