ஏழு மணி நேரத்தில் வந்துவிடுவான்

அக்டோபர் 6
அப்பாவைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, மாத்திரை கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கியது. பிள்ளைகள் சிரிக்கவில்லை. அதுதான் அவமானமாக இருந்தது.

அக்டோபர் 9
தம்பி அனஸ் கனடாவிலிருந்து, மொண்ட்ரியாலிலிருந்து பேசினான். வழக்கமான பேச்சு. "ஏதாவது ஒண்ணுன்னா உடனே சொல்லு நுஸ்ஹாக்கா. ஏழு மணி நேரம். பிளேன்ல ஏறி உக்காந்தா நம்ம காஸாபிளாங்கா."
ஆறு வருஷமாக ஏறி உட்காரவில்லை.

அக்டோபர் 15
அப்பாவின் இதய மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "மாசக் கணக்கு இல்லம்மா. வாரக் கணக்குதான்."

அக்டோபர் 16
அனஸ் வந்து சேரும்வரை அடக்கத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று மிலூத் சித்தப்பாவிடம் கேட்டேன்.
"மய்யித்தைக் காக்க வைக்கக் கூடாதும்மா. காலையில உயிர் போனா சாயங்காலம் அஸர் தொழுகைக்குள்ள முடிச்சிடணும்."
பள்ளிக்கூட இடைவேளையில் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஐயாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். பறப்பது ஏழு மணி நேரம், சரி. விமானம் இவன் நினைத்த நேரத்திலா கிளம்பும்? அங்கே சாயங்காலம்தான் ஏற வேண்டும். இறங்கி, வரிசையில் நின்று, வீடு வர... எப்படிக் கூட்டினாலும் மண் மூடிய பிறகுதான் வருவான். இத்தனை வருஷத்தில் எனக்கும் அவனுக்கும் இது தோன்றவே இல்லையா?

அக்டோபர் 17
அனஸுக்குப் போன் செய்து, "கிளம்பி வா" என்றேன்.
"அப்பாவுக்கு என்னாச்சு?"
"ஒண்ணும் ஆகல. உக்காந்து ரொட்டி தின்னுட்டிருக்கார்."
"அப்புறம் என்னக்கா? டிசம்பர்ல லீவு போட்டு—"
"அடக்கத்துக்கு உன்னால வர முடியாதுடா. கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். உயிரோட இருக்கறப்ப வா. வரலன்னா இனிமே என்கிட்ட ஏழு மணி நேரம்னு சொல்லாத."
வைத்துவிட்டேன். அவனிடம் இப்படிப் பேசியதே இல்லை.

அக்டோபர் 20
காலையில் அனஸ் பெட்டியோடு வந்து நிற்கிறான். முன்னந்தலை வழுக்கை. அப்பா மேலும் கீழும் பார்த்தார்.
"யார் செத்துட்டான்னு வந்தே?"
"யாரும் இல்லப்பா."
"அப்போ உக்காரு. ஹரீரா சூப் சூடா இருக்கு."

அக்டோபர் 24
அனஸ்தான் அப்பாவைக் குளிப்பாட்டுகிறான். சவரம் செய்யும்போது காதோரம் கீறிவிட்டான். "இந்தக் கைக்கா கனடாக்காரன் சம்பளம் கொடுக்கறான்?" என்கிறார் அப்பா. மதியம் படுத்தவள் மூன்று மணி நேரம் தூங்கியிருக்கிறேன். யாரும் எழுப்பவில்லை.

அக்டோபர் 31
அனஸ் கிளம்பினான். "வரேன்" என்று அவனும் சொல்லவில்லை, "வா" என்று அப்பாவும் சொல்லவில்லை. டாக்சிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அப்பா அவன் கையை விடவே இல்லை.

நவம்பர் 12
விடியும்போது அப்பா போய்விட்டார்.
அனஸைப் போனில் எழுப்பிச் சொன்னேன்.
"வரட்டுமாக்கா?"
"வேணாம்டா. நீதான் வந்துட்டியே."
மதியம் லுஹர் தொழுகை முடிந்து ஆண்கள் தூக்கிப் போனார்கள். அஸருக்குப் பிறகு அவனே மறுபடி கூப்பிட்டான். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. என் பக்கம் பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். அவன் பக்கம் தெருவில் யாரோ மண்வெட்டியால் பனி வாரும் சத்தம் கேட்டது.