இரண்டு பெயரையும் போட்டு எழுது

அரியேத்தா வீடு, கிபுஸ்கோவா
1968 மார்ச் 11

அன்பு மகன் மார்ச்செலுக்கு, உன் அம்மா ஜோசெபா சொல்லச் சொல்ல உன் தங்கை லூர்தெஸ் எழுதுவது. நீ நலமாக இருக்கிறாய் என்று ஒருவர் வாயால் கேட்டுப் பத்து வருடம் ஆகிவிட்டது, அதனால் நலமா என்று நான் கேட்கவில்லை மகனே, உயிரோடு இருக்கிறாயா என்றுதான் கேட்கிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். உன் அப்பாவுக்கு இதயம் தளர்ந்துவிட்டது, கால் வீங்கியிருக்கிறது, மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்கிறார். உன் அக்கா கார்மெலேக்கு மூன்றாவது பிள்ளை வயிற்றில். அவள் கணவன் பலெந்தின் நல்லவன், மாடுகளை அவன்தான் பார்க்கிறான், உனக்கு அவனைத் தெரியாது. லூர்தெஸுக்குப் பதினான்கு வயது, கன்னியாஸ்திரீகள் பள்ளியில் படிக்கிறாள், எந்நேரமும் கையில் புத்தகம்தான், அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் தெரியாது. இந்தக் கடிதத்தின் உறையில் உன் பெயரை மார்செலினோ சகஸ்தி என்று எழுதியிருக்கிறோம். அது ஏன் என்று நான் சொல்லி முடிக்கும்வரை கிழித்துப் போடாதே, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

முதலில் தலைபோகிற விஷயத்தைச் சொல்கிறேன். உன்னை இறந்தவன் என்று எழுதப் போகிறார்கள். அப்பா கண்ணை மூடுவதற்குள் வீட்டைக் கார்மெலே பெயருக்கு முழுதாக மாற்றிவிட வேண்டும் என்கிறார். அதற்கு நீயும் கையெழுத்துப் போடவேண்டும், இல்லையென்றால் நீ உயிரோடு இல்லை என்று நீதிமன்றம் சொல்லவேண்டும் என்று நோட்டரி சொன்னார். ஒருவனைப் பற்றிப் பத்து வருடம் ஒரு தகவலும் இல்லையென்றால் சட்டம் அவனைச் செத்தவன் கணக்கில் சேர்த்துவிடுமாம். நீ போன முதல் குளிர்காலத்தில் கிறிஸ்துமஸுக்கு ஓர் அட்டை அனுப்பினாயே, முகவரி போடாமல், அதுதான் கடைசித் தகவல். அதற்குப் பத்து வருடம் போன டிசம்பரில் முடிந்துவிட்டது. ஊர்மன்றக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். மீன் வாங்கப் போகும்போது தினமும் அதைத் தாண்டித்தான் போனேன், எனக்குப் படிக்கத் தெரியாதே, ஏதோ மாட்டுச் சந்தை அறிவிப்பு என்று இருந்துவிட்டேன். ஒரு நாள் லூர்தெஸ் கூட வந்தாள், அதன் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். என்னடி என்றேன். "அம்மா, இதுல அண்ணன் பேரு இருக்கு" என்றாள். மார்செலினோ அரியேத்தா சகஸ்தி என்பவர் எங்கிருந்தாலும் ஜூன் நான்காம் தேதிக்குள் தெரியப்படுத்த வேண்டும், அவரைப் பற்றி அறிந்தவரும் சொல்லவேண்டும் என்று எழுதியிருந்ததாம். கையில் இருந்த மீன் கூடையை அங்கேயே போட்டுவிட்டேன்.

அப்பாவைக் குற்றம் சொல்லாதே, அவருக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் நான் அவரிடம் கத்தினேன், முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவை. பெற்ற பிள்ளையைப் பேனாவால் கொல்லப் பார்க்கிறீர்களே என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நானா கொன்னேன்? இந்தப் பேரே வேணாம்னு போனவன் அவன்தானே" என்றார். நீ அன்றைக்கு மேசையில் சொன்னது அவருக்கு இன்னும் ஆறவில்லை. வீடு கார்மெலேக்கு என்று அவர் சொன்னபோது நீ ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து, "அப்போ அந்தப் பேரையும் நீங்களே வச்சுக்கங்க" என்றாய். வீட்டைக் கொடுக்காதவர் வீட்டின் பெயரை மட்டும் எனக்கு எதற்குக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டாய். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று நான் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று இந்தப் பத்து வருடமும் நினைக்காத நாள் இல்லை.

உன்னைத் தேடாமலும் இல்லை. அமெரிக்காவில் ஆடு மேய்க்க ஆள் எடுக்கிறவர்களுக்கு அப்பாவே ஒரு தடவை ஆள் வைத்து எழுதினார், என்னிடம் சொல்லாமல். அரியேத்தா என்று எங்களிடம் யாரும் இல்லை என்று பதில் வந்தது. நீ தென் அமெரிக்கா போய்விட்டாய் போல என்று அவராக முடிவு செய்துகொண்டார். உலகத்தில் அரியேத்தா என்று எவன் இருந்தாலும் அவன் நம் வீட்டு வாசலில் இருந்து போனவன்தான், ஒருவனைக் கேட்டால் இன்னொருவனைத் தெரியும் என்பது அவர் எண்ணம். அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகு லூர்தெஸ் சும்மா இருக்கவில்லை. தோனோஸ்தியாவில் தொலைபேசி அலுவலகத்தில் வெளிநாட்டு எண் புத்தகங்கள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு, நான்கு சனிக்கிழமை பேருந்தில் போய்ப் போய் எழுதி வந்தாள். புவெனஸ் அய்ரெஸில் மட்டும் அரியேத்தாக்கள் இரண்டு பக்கமாம். மொந்தெவிதெயோவில் ஒரு பக்கம், பொகொத்தாவில், மணிலாவில், சாந்தியாகோவில். நாற்பத்திரண்டு பேருக்கு அவளே கையால் எழுதினாள். நடுவில் பள்ளியில் ஏதோ புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து, அரியேத்தா என்றால் கல் நிறைந்த இடம் என்றுதான் பொருள், கல் நிறைந்த இடத்தில் கட்டிய வீட்டுக்கெல்லாம் இந்தப் பெயர் வைத்தார்கள், அந்தந்த வீட்டில் குடியிருந்தவர்களுக்கு அந்தந்த வீட்டின் பெயரே ஒட்டிக்கொண்டது, ஊர்ப் பெயரே அரியேத்தா என்று விஸ்காயாவில் ஒன்று, நபார்ராவில் ஒன்று இருக்கிறது, அதனால் இவர்கள் எல்லோரும் நமக்குச் சொந்தம் இல்லை என்றாள். அப்பாவுக்கு வந்ததே கோபம். "அந்தப் புத்தகத்தை எழுதினவன் நம்ம வீட்டை வந்து பார்த்தானா?" என்று கேட்டார். "பார்க்க வேணாம்ப்பா, நம்ம நாட்டுல கல் இல்லாத இடத்தைத்தான் தேடிப் பார்க்கணும்" என்றாள் அவள். பலெந்தின் சிரித்துவிட்டான், அப்பா முறைத்ததும் தொழுவத்துக்குப் போய்விட்டான்.

பத்தொன்பது பதில் வந்தது மகனே, ஒன்றிலும் நீ இல்லை. மணிலாவில் ஒரு பல் வைத்தியர், ஐந்து தலைமுறையாக நாங்கள் அரியேத்தா, என் முகத்தைப் பாருங்கள், உங்கள் சாயல் ஏதாவது இருக்கிறதா என்று புகைப்படம் அனுப்பியிருந்தார். நல்ல சிரித்த முகம், சீனரைப் போலக் கண். புவெனஸ் அய்ரெஸில் ஒருவன் உங்கள் வீட்டில் எனக்குப் பங்கு உண்டா என்று கேட்டிருந்தான். மொந்தெவிதெயோவில் ஒரு விதவை, தன் அப்பா சாகும்போது அரியேத்தா வீடு, அரியேத்தா வீடு என்று அழுதுகொண்டே செத்தார், அது உங்கள் வீடா, வாசலில் பேரிக்காய் மரம் உண்டா என்று கேட்டிருந்தாள். நம் வாசலில் ஏது பேரிக்காய் மரம்? ஆமாம் என்று எழுதடி, பாவம் என்றேன். பொய் எழுதமாட்டேன் என்று லூர்தெஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கடைசியில் இருக்கலாம் என்று எழுதினாள். நாங்கள் ஒருவனைத் தேடி எழுதினோம், அவர்களோ எங்களிடம் தங்கள் வீட்டைத் தேடுகிறார்கள். அன்றோடு நான் நம்பிக்கை விட்டேன், உண்மையைச் சொல்கிறேன்.

அப்போதுதான் ஷல்பதோர் வந்தான். கீழ்ப்பண்ணை ஷல்பதோர், உன்னோடு பள்ளிக்கு வந்தானே, அமெரிக்காவில் நெவாதா பக்கம் எட்டு வருடம் ஆடு மேய்த்துவிட்டுப் பிப்ரவரியில் திரும்பினான். ஆப்பிள் மது பீப்பாய் திறக்கிற அன்று எல்லோரும் கூடியிருந்த இடத்தில் நான் வெட்கத்தை விட்டு அவன் கையைப் பிடித்துக் கேட்டேன். "இல்லம்மா, அரியேத்தான்னு ஒருத்தனும் அங்க கிடையாது" என்றான். பிறகு ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆனா சகஸ்தின்னு ஒருத்தன் இருக்கான், நான் பார்த்ததில்ல, அவன் மரத்தைத்தான் பார்த்திருக்கேன்" என்றான். மலை மேல் வெள்ளைப் பட்டை மரங்களில் மேய்ப்பர்கள் பெயர் செதுக்குவார்களாமே. ஒரு மரத்தில் எம். சகஸ்தி 1966 என்றும், அதன் கீழே ஒரு வீடும் செதுக்கியிருந்ததாம், கூரை ஒரு பக்கம் நீண்டு, கதவுக்கு மேலே ஐந்து ஜன்னல். என் பெயரடா அது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஊரில் ஒருவரும் என்னைச் சகஸ்தி என்று கூப்பிட்டதில்லை, அரியேத்தா வீட்டம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது எப்படி அவனுக்கு என் பெயர் என்று கேட்டேன். ஷல்பதோர் சிரித்தான். "எனக்கே அங்க எங்கம்மா பேருதான்மா. முதல்ல அப்பா பேரு, அப்புறம் அம்மா பேருன்னு நாம ரெண்டு போடறோம்ல, அவனுங்களுக்கு ஒண்ணுதான் கணக்கு, கடைசியில எது இருக்கோ அதை எடுத்துக்குவானுங்க. எங்கப்பா பேரு சம்பளச் சீட்டுல ஒரு எழுத்தும் ஒரு புள்ளியுமா நின்னுபோச்சு" என்றான். அதிகாரி செய்த பிழையால்தான் அப்பா எழுதிய கடிதமும் லூர்தெஸ் எழுதிய நாற்பத்திரண்டும் உன்னைத் தாண்டிப் போயினவா, அல்லது நீயே அந்தப் பெயரைக் கழற்றி எறிந்தாயா, எனக்குத் தெரியாது. எதுவானாலும் சரி, நான் கேட்கமாட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். மரத்தில்கூட நம் பெயரைப் போடவில்லையா என்று மட்டும் கேட்டார். மறுநாள் ஷல்பதோரை வரச்சொல்லி, "ஜன்னல் எத்தனைன்னு சரியா எண்ணினியா?" என்று கேட்டார். ஐந்து என்றான். நம் வீட்டுக்கு இப்போது நான்குதான் மார்ச்செல். நீ போன அதே வருடம் உன் அறை ஜன்னலை அவர் கல் வைத்து அடைத்துவிட்டார், குளிர் வருகிறது என்று. உனக்கு எப்படித் தெரியும், நீ ஐந்தாகத்தான் வரைவாய். அன்று மத்தியானம் மேலே சத்தம் கேட்டு ஓடினேன், படியேறக் கூடாதென்று வைத்தியர் சொன்ன மனிதர் உளியை வைத்துச் சுண்ணாம்பைத் தோண்டிக்கொண்டிருக்கிறார், முகம் சாம்பலாகிவிட்டது. இரண்டு கல்தான் எடுக்க முடிந்தது, உட்கார்ந்துவிட்டார். அந்த இரண்டு கல் அளவுக்கு வெளிச்சம் உன் கட்டில்மேல் விழுகிறது. ஆனாலும் வழக்கைத் திரும்பப் பெறமாட்டேன் என்கிறார். நான் செத்தால் கார்மெலேயும் குழந்தைகளும் எங்கே போவார்கள் என்கிறார், அதுவும் நியாயம்தான். நானே லூர்தெஸைக் கூட்டிக்கொண்டு நீதிமன்றம் போனேன். அங்கே எழுத்தர், "அம்மா, மரத்துல செதுக்கினதெல்லாம் சாட்சி ஆகாதுங்க. அதுவும் பேரு வேற. இவர் சகஸ்தி, காகிதத்துல இருக்கறவர் அரியேத்தா" என்றார். இரண்டும் ஒருவன்தான், நான்தான் பெற்றேன் என்றேன். அப்படியென்றால் அவர் கைப்பட இரண்டு பெயரையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள் என்றார்.

அதற்குள் ஒரு ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் நிற்கும்போது, கோவிலில் மெழுகு பார்க்கிற பெர்னார்தா வந்து, "அரியேத்தா வீட்டுக்கு ஒரு மெழுகுச் சுருள் சேர்த்துச் சொல்லிடவா?" என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் இல்லை, அது அவள் வேலை. உனக்குத் தெரியும், கோவிலில் நம் வீட்டு இடத்தில் நம் வீட்டுச் செத்தவர்களுக்கெல்லாம் நான்தான் மெழுகு ஏற்றவேண்டும், உன் தாத்தாவுக்கு, இரண்டு நாள் இருந்த உன் தம்பிக்கு. சுருளை வாங்கிவிட்டேன், வேண்டாம் என்று சொல்ல அத்தனை பேர் முன்னால் நாக்கு எழவில்லை. துணிப்பெட்டியின் அடியில் கிடக்கிறது. ஜூன் நான்குக்குப் பிறகு அதைப் பலகையில் சுற்றி உன் பெயரில் ஏற்றச் சொல்வார்கள். மூச்சு விடுகிற பிள்ளைக்கு எப்படியடா ஏற்றுவேன்? ஏற்றாமல் விட்டால், ஒருவேளை நீ நிஜமாகவே போயிருந்தால், வெளிச்சம் இல்லாமல் இருட்டில் நிற்பாயே. இரண்டு பக்கமும் என்னை அறுக்கிறது.

(அண்ணா, இது அம்மா சொல்லாதது, நான் சேர்ப்பது. எனக்கு உன் முகம் நினைவில் இல்லை, நீ போனபோது எனக்கு மூன்று வயது. ஷல்பதோர் அந்த மரத்து வீட்டைத் தாளில் வரைந்து காட்டினார், அதைப் புவியியல் புத்தகத்தில் வைத்திருக்கிறேன். அம்மா தினமும் தபால்காரரை எதிர்பார்த்து வளைவு வரை நடக்கிறாள், முயலுக்குப் புல் பறிக்கப் போவதாகச் சொல்கிறாள். நாங்கள் முயல் வளர்ப்பதில்லை.)

மே பிறந்தால் நீங்கள் எல்லோரும் மந்தையோடு மலை ஏறிவிடுவீர்கள், பிறகு அக்டோபர் வரை கடிதமும் இல்லை மனிதனும் இல்லை என்று ஷல்பதோர் சொன்னான். அதனால் இதே கடிதத்தை மூன்று பிரதி எழுதி எல்கோவிலும் வின்னமுக்காவிலும் பொய்சியிலும் நம் ஆட்கள் தங்குகிற விடுதிகளுக்கு அனுப்புகிறோம். விடுதி அம்மாக்களே, இவன் வந்தால் கொடுங்கள், வராவிட்டால் மந்தைக்குச் சாமான் கொண்டுபோகிறவன் கையில் கொடுத்தனுப்புங்கள், நீங்களும் பிள்ளை பெற்றவர்கள். மகனே, நீ வரவேண்டாம். வீட்டை விட்டுக் கொடுக்கிறேன் என்றும் எழுதவேண்டாம், அது நீயும் அப்பாவும் பேசிக்கொள்ளவேண்டியது. உயிரோடிருக்கிறேன் என்று ஒரு வரி, தேதி, உன் கையெழுத்து, அவ்வளவுதான். முன்னால் ஒரு தந்தி கொடுத்துவிடு. குடித்தால் கொஞ்சமாகக் குடி, ஈரக் காலுறையோடு தூங்காதே, உனக்குச் சின்ன வயதிலேயே மார்ச்சளி. மலையில் அந்தக் கன்னி மாதா உன்னையும் உன் ஆடுகளையும் காக்கட்டும். நான் தினமும் உன் பெயர் சொல்லித்தான் சிலுவை போடுகிறேன், இரண்டு பெயரையும் சொல்லித்தான்.

மறக்காதே, இரண்டையும் எழுது, ஒன்றை விட்டால் செல்லாது. உனக்கு அந்தப் பெயரை எழுதக் கை வராது என்று எனக்குத் தெரியும். எனக்கும் எந்தப் பெயரையும் எழுதக் கை வந்ததில்லை, இத்தனை நாள் பெருவிரல்தான் வைத்தேன். பத்து நாளாக லூர்தெஸிடம் கற்றுக்கொள்கிறேன். என்னுடையது எஸ், ஏ என்று தொடங்கி ஏழு எழுத்து, உன் அப்பாவுடையதும் ஏ, ஆர், ஆர் என்று ஏழுதான் என்று எண்ணிச் சொன்னாள். நான் என் ஏழு எழுத்தைக் கற்றுக்கொண்டேன் மகனே, நீ அந்த ஏழு எழுத்தை எழுது. கீழே இருக்கும் கோணல் எழுத்து நான் போட்டது, ஒருவரும் கையைப் பிடிக்கவில்லை.

உன் அம்மா,
ஜோசெபா சகஸ்தி