கட்டைவிரல் கணக்கு

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று உடற்கல்வி வகுப்பில் ஒருவருக்கொருவர் நாடி பார்த்தோம். என் ஜோடி திருநாவலூர் சுதா. நான் கரியாலூர்க்காரி. மலை ஏறி இறங்கி வளர்ந்த எனக்கு, சும்மா உட்கார்ந்திருந்தால் நாடி நிமிடத்துக்கு ஐம்பத்தைந்தைத் தாண்டாது. சுதா என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிவிட்டு, தொண்ணூற்றாறு என்று தாளில் எழுதினாள்.

"இன்னாடி எழுதிக்கினு இருக்க? எனக்கு இவ்ளோ ஜாஸ்தி வராது."

"எண்ணுனதுல வந்தத எழுதுனேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அந்தத் தாளைப் பார்த்துத்தான் சார் நாளை தூர ஓட்டத்துக்கு ஆள் எடுப்பார். எங்கள் இருவரில் நாடி குறைவாக இருக்கும் ஒருத்திக்குத்தான் இடம். வேண்டுமென்றே செய்கிறாள் என்று சாயங்காலம் வரை கறுவிக்கொண்டிருந்தேன்.

சற்று முன் புத்தகத்தைப் புரட்டினேன். கட்டைவிரலால் நாடி பார்க்கக் கூடாதாம். அதற்கே ஒரு துடிப்பு உண்டு, அதைத்தான் எண்ணிவிடுவோமாம். சுதா வைத்திருந்தது கட்டைவிரல். அப்படியானால் அந்தத் தொண்ணூற்றாறு அவளுடையது.

சரி, அவள் பொய் எழுதவில்லை. ஆனால் என்னோடு ஒரே பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கு நெஞ்சு ஏன் அப்படி அடித்தது? எனக்குத் தெரியாமல் என்ன செய்துவிட்டு வந்து என் கையைப் பிடித்தாள்?