மூன்றாவது வாக்கு

அன்புள்ள ட்ரிஃபி,

எதிர்வீட்டில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. நான் தட்டினால் நீ கதவைத் திறப்பதில்லை. அதில் தப்பும் இல்லை.

நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீன் பிடிக்கத் தடை வந்ததிலிருந்து நம் தீவு காலியாகிக்கொண்டே வந்தது. மிஞ்சிய இருபது பேரில் பதினெட்டுப் பேராவது சம்மதித்தால், எல்லோரும் அக்கரைக்குக் குடிபெயர உதவுகிறோம் என்றது அரசு. போன வருஷ ரகசிய வாக்கெடுப்பில் மூன்று பேர் மறுத்துவிட்டார்கள். அதில் இருவர், மறுத்தது தாங்கள்தான் என்று தாங்களாகவே சொல்லிவிட்டார்கள். மூன்றாவது ஆள் நீதான் என்று ஊரே முடிவுகட்டியது.

கடைக்காரன் கஸ் தன் கடையில் எல்லார் முன்னாலும், "ஒரு கிழவியோட வீம்பால ஊரே மாட்டிக்கிச்சு" என்றான்.

நீ என் பக்கம் திரும்பினாய். "நான் சரின்னுதான் போட்டேன், இவளைக் கேளுங்க. என்னடி, வாயத் தொறக்க மாட்டேங்குற?"

நான் தேயிலைப் பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாக்கு என்னுடையது, ட்ரிஃபி. தீவு காலியானால் நீ நாட்டின் மறுகோடியில், ஆல்பர்ட்டாவில் இருக்கும் மகனிடம் போய்விடுவாய், நான் கேண்டரில் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும். சாயங்காலம் உன்னோடு சீட்டாடாமல் எப்படி இருப்பது என்றுதான் மறுத்தேன். அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம்கூட நாம் ஆடவில்லை.

இன்று காலை கஸ்ஸிடம் உண்மையைச் சொன்னேன். அவன், "அவகிட்ட சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டான்.

சனிக்கிழமை மறு வாக்கெடுப்பு. இந்த முறை நான் சரி என்றுதான் போடப்போகிறேன். உன் மகனிடம் சொல்லிவிடு, உனக்கு அறையைத் தயார் செய்யட்டும்.

உன் எதிர்வீட்டுக்காரி