மச்சான் ரூமில் வீடியோ கேம் பெட்டி

1987 ஜூலை 19, ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்த கையோடு மச்சான் அருள்சாமி என் சைக்கிள் கடைக்குள் வந்து சுவரை ஜாண் போட்டு அளந்தார். என் பெண்டாட்டி மிக்கேலம்மாளின் அண்ணன். தக்காளி மண்டிக்காரர். இந்த ரூமும் அவருடையதுதான்.

"என்ன மச்சான், எனக்குச் சவப்பெட்டி அடிக்கறிங்களா?" என்று கேட்டேன்.

"தக்காளிக் கூடை அடுக்க எடம் பாக்கறன் மாப்ள. வாடகை சைக்கிளுக்கு இப்ப எவன் வர்றான்? ரூம்ப வுட்டுட்டு மண்டிக்கு வந்துரு. கூடை எண்ணு."

அவர் விரலை நீட்ட, நான் கூடை எண்ணுவதா? மாரண்டஹள்ளியில் என் கேலிக்குத் தப்பினவன் ஒருத்தனும் இல்லை. நான் அங்கே போய் நின்றால் அத்தனை பேரும் வரிசையில் வந்து திருப்பிக் கொடுப்பார்கள். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்: வீடியோ கேம் வைக்கப் போகிறேன் என்று.

"மாதா திருவிழாவுக்குள்ள அது ஓடுனா ரூம்பு ஒனக்கு. ஓடலைன்னா மண்டி." சிரிக்காமல் சொன்னார்.

ஜூலை 27

பெங்களூர் போய் ஒன்று பார்த்து முடித்தேன். பீரோ உயர மரப்பெட்டி, உள்ளே டிவி, முன்னால் ஒரு கைப்பிடியும் ஒரு பட்டனும். காசு போட்டால் விமானம் பறக்கிறது, எதிரியைச் சுடலாம். கடையை மூடுகிற ஆள் விற்றான். எது கேட்டாலும் "சென்னாகிதே", நல்லா இருக்குதாம். நான் தள்ளின பக்கம் விமானம் போனது. அதில் மயங்கிவிட்டேன்.

சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்த்து வாங்குகிறவன் நான். இதன் பின்கதவைத் திறக்கச் சொல்லவே தோன்றவில்லை.

ஜூலை 28

தக்காளி இறக்கிவிட்டு வந்த லாரியில், காலிக் கூடைகளுக்கு மேல் படுக்கப் போட்டுக் கொண்டுவந்தேன். ராயக்கோட்டை மேட்டில் தடதட என்று ஆடும்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

மண்டியில் மூட்டை தூக்கும் மாதுதான் இறக்கினான். "என்னுங்கண்ணா, உள்ள யாருங்க?"

"ஒங்க அண்ணியோட சீதனம்டா. இப்பத்தான் வந்து சேந்துச்சு."

மிக்கேலம்மாள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ராத்திரி குழம்பில் உப்பு இல்லை.

சுவிட்சு போட்டேன். உயிர் இல்லை. இதைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்த்திக் கொண்டுவந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

பின்கதவு திறந்தது. எலிக் குடும்பம், எலிப் புழுக்கை, ஒரு கன்னட சினிமா டிக்கெட். அடிப்பலகை தண்ணி குடித்து ஊறி இட்லி மாதிரி பிய்கிறது. ஆசாரி வந்து அடியை அறுத்து வேறு பலகை போட்டான். செங்கல் வைத்துத் தூக்கி நிறுத்தியிருக்கிறேன். இதையெல்லாம் காசு கொடுப்பதற்கு முன்னால் குனிந்து பார்த்திருந்தால்? இடுப்புப் பிடித்திருந்ததா என்ன எனக்கு?

ஆகஸ்ட் 9

ஓசூரிலிருந்து டிவி மெக்கானிக் குப்புராஜ் வந்தான். லாரி ஆட்டத்தில் உள்ளே ஒரு சர்க்யூட் அட்டை கழன்றிருக்கிறது, அவ்வளவுதான். அமுக்கினான், படம் வந்தது. போகும்போது மட்டும் விரலை ஆட்டிச் சொன்னான்: "எதை வேணா தொடைங்க. அந்தப் படக்குழாய் பக்கம் மட்டும் போவாதிங்க. சுவிட்சு அணைச்சிருந்தாலும் அடிக்கும்."

ஆகஸ்ட் 11

மத்தியானம் ஆனால் படம் சுருங்கி உள்ளங்கை அளவுக்கு வந்து செத்துப்போகிறது. பெட்டியைத் தட்டினேன், திட்டினேன், மாதா படம் மாட்டினேன்.

ஆகஸ்ட் 13

கண்டுபிடித்தது மிக்கேலம்மாள். "தோட்டத்துல மோட்டார் நிறுத்துனதும் படம் விரியுதுங்க, பாருங்க." சுற்றிலும் இருக்கிற கிணற்று மோட்டாரெல்லாம் கரண்டைக் குடித்துவிட்டு மிச்சத்தை இதற்குத் தருகிறது. ஸ்டெபிலைசர் வைத்ததும் நின்றது. இரண்டு நாள் அடி வாங்கின பெட்டியிடம் யார் மன்னிப்புக் கேட்பது?

ஆகஸ்ட் 23

போனேன். படக்குழாய் பக்கம்தான் போனேன். கண்ணாடியில் தூசி இருந்தது, திருவிழாவுக்குப் பளிச்சென்று இருக்கட்டுமே என்று.

கரண்டு தூக்கி அடித்தது. சம்மனசு, தேவதூதர் யாரையும் பார்க்கவில்லை. செத்துப்போன எங்கப்பனைப் பார்த்தேன், அதே முறைப்பு. எழுந்து பார்த்தால் சைக்கிளெல்லாம் என்மேல் கிடக்கிறது. கை இழுத்த வேகத்தில் இரண்டு ஒயர் கையோடு வந்துவிட்டது. எது எங்கே இருந்தது? ஒரு நூல் கட்டி அடையாளம் வைத்திருந்தால் போதும். குத்துமதிப்பாகச் செருகினேன்.

ஆகஸ்ட் 24

படம் வருகிறது. ஆனால் கண்ணாடியில் பார்த்த மாதிரி வருகிறது. எண்ணெல்லாம் திரும்பி நிற்கிறது. வலது தள்ளினால் விமானம் இடது போகிறது. அய்யோ.

திரும்பக் கழற்றலாம் என்று போனால், மிக்கேலம்மாள் பின்கதவைப் பூட்டிச் சாவியைத் தாலிக்கயிற்றில் முடிந்துகொண்டாள். "குப்புராஜ் வந்தா தர்றன். எனக்கு விதவைப் பென்சன் வேணாம்."

ஆகஸ்ட் 26

குப்புராஜின் பெண்டாட்டிக்குப் பிரசவமாம். கோலாரில் மாமனார் வூட்டில் இருக்கிறானாம். திருவிழா கழிந்துதான் வருவானாம். ஓசூர் பஸ் கண்டக்டர் வந்து சொன்னார். கோலார் பக்கம் பார்த்துத் திட்டினேன். குழந்தை என்ன செய்யும், பாவம்.

செப்டம்பர் 6, ஞாயிறு

மச்சான் வந்தார். மாதுவும் கூட வந்தான். பெட்டியைப் போட்டுக் காட்டித்தான் ஆகவேண்டும். சுவிட்சு போட்டேன்.

மாது குனிந்து பார்த்தான். "என்னுங்கண்ணா, மூணாம் நம்பரு அந்தப் பக்கமா திரும்பி நிக்குது?"

இத்தோடு போச்சு, நாளையிலிருந்து கூடைதான். அந்த நேரத்தில் என் நாக்கு, என் பாழாய்ப்போன நாக்கு: "ஜப்பான் மெஷின்டா. அவங்க அந்தப் பக்கமிருந்துதான் எழுதுவாங்க. ஓட்டறதும் அப்படித்தான்."

சிரிப்பார்கள் என்று பார்த்தேன். மச்சான் தலையை ஆட்டினார். "அப்படித்தான் இருக்கும். அவங்க நாடே அந்தக் கோடியில இருக்குதில்ல."

மாதுவின் கையில் ஒரு காசு வைத்து ஓட்டச் சொன்னேன்.

செப்டம்பர் 8, மாதா திருவிழா

தேர் ஒரு பக்கம், என் கடை ஒரு பக்கம். கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை. இங்கே ஒருத்தனும் இதற்கு முன் இதைப் பார்த்ததில்லை, அதனால் ஒருத்தனுக்கும் சந்தேகமில்லை. மச்சான் பக்கத்தில் நின்று பாடம் எடுக்கிறார்: "வலது போவணுமா, இடது தள்ளு. ஜப்பான்காரன் மூளை அது, லேசு இல்ல."

ரூம் என்னுடையது. பொய்யில் கிடைத்த ரூமில் எப்படிச் சந்தோஷப்படுவது?

செப்டம்பர் 20, ஞாயிறு

குப்புராஜ் வந்தான். ஆண் குழந்தையாம். பெட்டிக்குள் எட்டிப் பார்த்து என்னைக் கேவலமாகப் பார்த்தான். இரண்டு ஒயரை மாற்றினான். எண் நிமிர்ந்தது, விமானம் தள்ளின பக்கம் போனது. அப்பாடா என்று இருந்தது. இனி பொய் வேண்டாம்.

மாது வந்து காசு போட்டான். பழகின பழக்கத்தில் கைப்பிடியைத் திருப்பித் தள்ளினான், விமானம் நேராகப் போய் மோதியது. அடுத்தவனுக்கும் அப்படியே. கடைசியில் மச்சான். இந்த ஆட்டத்தில் ஊரில் அவரை மிஞ்ச ஆளில்லை இப்போது. பட் பட்டென்று ஒரு காசுக்குக் கிடைக்கிற மூன்று விமானமும் போயிற்று.

"எவன்டா இதுல கை வெச்சான்? நல்லா இருந்த மெஷின கெடுத்துட்டியே மாப்ள!"

"இப்பத்தாங்க சரியா இருக்குது," என்றான் குப்புராஜ்.

"ஜப்பான் மெஷினப் பத்தி ஓசூர்ல ஒனக்கு என்ன தெரியும்? இருந்த மாதிரி வெய்யி!"

அவன் என்னைப் பார்த்தான். நான் சைக்கிளைப் பார்த்தேன். முணுமுணுத்துக்கொண்டே ஒயரைத் திருப்பி மாட்டினான்.

செப்டம்பர் 27

பாலக்கோட்டிலிருந்து கோவிந்தன் வந்திருந்தார், சோடாக் கடைக்காரர். அவரும் பழைய பெட்டி ஒன்று வாங்கப் போகிறாராம். எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டார். என்னை எங்கே பேச விட்டார் மச்சான்? ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வேற எதையும் பாக்காதிங்க. கைப்பிடிய இடது பக்கம் தள்ளிப் பாருங்க. விமானம் இடதுலயே போச்சுன்னா அது டூப்ளிகேட்டு. தொடாம வந்துருங்க."

கோவிந்தன் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். மிக்கேலம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

என் ஆயுசில் இப்படி ஒரு கேலி கையில் கிடைத்ததில்லை. ஒருத்தரிடமும் சொல்ல முடியாது.