தோத்த எம்.பி.

இன்று காலை கொழும்பு வெள்ளவத்தைச் சந்தைக்குப் போகிற வழியில் பசை மணம் அடித்தது. கோதுமை மா காய்ச்சிய, சற்றே புளித்த மணம். மதில் முழுக்கத் தேர்தல் சுவரொட்டிகள். ஈரம் காயாமல் பசை வழிந்துகொண்டிருந்தது. கும்பிட்ட கையும் சிரித்த முகமுமாக வரிசையாக ஆம்பிளைகள். கையில் முருங்கையிலைக் கட்டோடு கொஞ்ச நேரம் நின்றேன். நீ இருந்திருந்தால் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு கதை சொல்லியிருப்பாய். தனியாகப் பார்க்க அலுப்பாக இருந்தது. வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வடக்கே நம் தொகுதியில் தேர்தல் என்றால் சின்ன வயதில் நமக்கு அது இன்னொரு கோயில் திருவிழா. குளத்துக்கு அந்தப் பக்கத்துச் சனத்தை உழவு மெசினில் ஏற்றி வருவார்கள். மெசினின் இழுவைப் பெட்டியில் நிற்கிற பெண்கள் கல்யாணத்துக்குப் போகிறவர்கள்போலப் பூ வைத்திருப்பார்கள். உன் அப்பாவும் என் அப்பாவும் வேறு வேறு ஆட்களுக்கு வேலை செய்தார்கள். ஒரு மாதம் கதைக்க மாட்டார்கள். முடிவு வந்த மறுநாள் ஒரே தேநீர்க்கடையில் உட்கார்ந்து தோற்றவரை வைத்துப் பகிடி பண்ணுவார்கள். தோற்றவரும் பக்கத்தில் இருந்து சிரிப்பார்.

அதெல்லாம் எப்போது நின்றது என்று நாம் இருவரும் பலமுறை கதைத்திருக்கிறோம். வென்றவர் கொழும்புக்குப் போனார், பிறகு அங்கேயும் இருக்க முடியாமல் இந்தியாவுக்குப் போனார். பாராளுமன்றத்தில் நம் கதிரை வெறுமையாகக் கிடந்தது. தொகுதியைப் பெரிய மாவட்டத்தோடு சேர்த்து எண்ணத் தொடங்கினார்கள். போர் வந்து சனத்தைக் காட்டுக்குள் தள்ளியபின் வந்த தேர்தலில் யாரும் நம் ஊருக்கு வந்து வாக்குக் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, போடவும் விடமாட்டார்கள். நம் பள்ளிக்கூட மண்டபத்தை நிரப்பவும் போதாத வாக்கில் ஒருவர் பாராளுமன்றம் போனார்.

அதற்குள் நாம் கொழும்புக்கு வந்துவிட்டோம். அடுத்த தேர்தலுக்குத்தான் ஒரு சுயேச்சைக் குழுக்காரர் கிருலப்பனையில் உன் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "வேட்பாளர் பட்டியலில பேருக்கு ஒரு பொம்பிளை வேணும் தங்கச்சி. நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை" என்றார்.

"பேருக்கு எண்டால் ஏன் என்னட்ட வாறியள்?" என்று கேட்டாய்.

உன் கணவர் உள்ளறையிலிருந்து, "இஞ்ச எங்களுக்கு இருக்கிற பிரச்சினை காணாதே?" என்றார். நீ அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். "எடி, அங்க ஆக்களே இல்லை எண்டமாதிரி எல்லாரும் நடக்கினம். எங்கட அம்மா இன்னும் அங்கதானே இருக்கிறா" என்றாய். வேட்புமனுவில் கையெழுத்து வைத்தாய்.

நுகேகொடையில் கந்தோர் வேலை விட்டதும் நேரே கொட்டாஞ்சேனை லொட்ஜுகளுக்குப் போவாய். விசாவுக்குக் காத்திருக்கிறவர்கள், இராணுவத் தடை தாண்டப் பாஸ் எடுத்து மருந்துக்கு வந்தவர்கள், நம் பக்கத்து ஆட்கள் யாராவது அங்கே இருப்பார்கள். அவர்களில் பலருக்கு வாக்கே இல்லை. ஆனாலும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஊர்க் கதை கேட்பாய். எந்தக் குளம் உடைந்தது, யார் வீட்டில் செத்தவீடு. இதுதான் உன் பிரசாரம்.

ஒரு தொலைபேசி அழைப்பு வந்த நாள் நீ என்னிடம் வந்து கதிரையில் விழுந்தமாதிரி உட்கார்ந்தாய். யாரோ ஒருவன் தேர்தலிலிருந்து விலகச் சொன்னானாம். அம்மா இருக்கிற இடம் தெரியும் என்றானாம்.

"வெருட்டினது பெரிசில்லையடி. எங்கட ஊர்ப் பேச்சிலயே வெருட்டினான். உன்ர தம்பி கதைக்கிறமாதிரி இருந்தது" என்றாய்.

இரண்டு நாள் நீ சரியாகச் சாப்பிடவில்லை. நாள் கடந்துவிட்டதால் பெயரை விலக்கவும் வழியில்லை. வெளியே போவதை மட்டும் நிறுத்தவில்லை.

வாக்களிப்பு நாளில் உன் முகவராக நானும் வவுனியாவுக்கு வந்தேன். நம் ஊர்களுக்கான சாவடிகளை அங்கே வைக்காமல், இராணுவத் தடைக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாக வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வகுப்பறைக்கும் ஒவ்வொரு ஊர். கதவில் நம் ஊரின் பெயர் எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்து நீ நின்றுவிட்டாய். அந்தப் பெயரை அச்சில் பார்த்து எத்தனை காலம்.

காலையில் பஸ்கள் தடைவரைக்கும் போய் நின்றன. சனம் வரவில்லை. அந்தப் பக்கத்தில் இயக்கம் பாதையை மறித்துவிட்டதாகச் சொன்னார்கள், இந்தப் பக்கத்தில் இராணுவம்தான் திறக்கவில்லை என்றும் சொன்னார்கள். மதியம் அதிகாரி நமக்கு வெறுந்தேத்தண்ணி தந்தார். வெயில் பிள்ளைகள் இருக்கிற வாங்கிலிருந்து சுவருக்கு ஏறியது. நம் ஊர் அறைக்குள் ஒருவரும் வரவில்லை. நேரம் முடிந்ததும் அதிகாரி எழுந்து, ஒரு வாக்கும் விழாத அந்தப் பெட்டியின் வாயை மூடி, சட்டப்படி அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். சாட்சியாக நானும் கையெழுத்திட்டேன். அவர் தலையைக் குனிந்தபடி, "மன்னிக்கோணும் அம்மா" என்றார். அவர்மேல் என்ன பிழை?

ரயிலில் அனுராதபுரம் தாண்டும்வரை நீ யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். பிறகு, "அம்மா வெளிக்கிட்டிருப்பா. எனக்குத் தெரியும். வெள்ளனவே வெளிக்கிட்டு வந்து பாதையில நிண்டிருப்பா" என்றாய். அது உண்மையா என்று நமக்குத் தெரியவே இல்லை. அடுத்த மழைக்குள் அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த செய்திதான் வந்தது.

வேறு யாரோ வென்றார். அவரை நாம் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தோம்.

அதன்பிறகு ஒரு விடியற்காலை சுற்றிவளைப்பில் கொட்டாஞ்சேனை லொட்ஜிலிருந்து அக்கா தங்கச்சி இருவரைப் பொலிஸ் கொண்டுபோனது. லொட்ஜ்காரர் உனக்குத்தான் சொல்லி அனுப்பினார். என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். மேசையில் இருந்த சார்ஜன்ட், "நோனா கவுத?" என்று, நீ யார் என்று கேட்டார். இந்தப் பிள்ளைகளின் மாவட்டத்தில் தேர்தலில் நின்றவள் என்று சிங்களத்தில் சொன்னாய். அவர் சட்டென்று எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார். உன்னை எம்.பி. என்று நினைத்துவிட்டார். பேசாமல் இருந்திருக்கலாம். நீ இருக்காமல், "மாத்தயா, நான் எம்.பி. இல்லை. தோத்துப் போனனான்" என்று அதையும் சிங்களத்திலேயே சொன்னாய். அவர் சிரித்தார். கதிரையைத் திருப்பி எடுக்கவில்லை. பின்னேரம் பிள்ளைகளை விட்டார்கள்.

லொட்ஜெல்லாம் உனக்கு "தோத்த எம்.பி." என்று பெயர் வைத்தது. வென்றவரைத் தேடிப் போனால் காவலாளி வாசலிலேயே மறிப்பான் என்று சனத்துக்குத் தெரியும். பொலிஸ் பதிவு, பிடிபட்ட பிள்ளை, தொலைந்த அடையாள அட்டை, எல்லாம் உன் வாசலுக்கு வந்தன. உன் கணவர் புறுபுறுத்துக்கொண்டே வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினார். எத்தனையோ தரம் வெறுங்கையோடும் திரும்பினாய். அப்படியான நாள்களில் என் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல், சுவரில் சாய்ந்து நிற்பாய்.

பிறகு உனக்கே நோய் வந்து, வருத்தம் முற்றி ஆசுபத்திரியில் கிடந்தபோதும் ஒரு தாய் கட்டிலடிக்கு வந்து அழுதாள். நான் அவளை வெளியே கூட்டிப்போகப் பார்த்தேன். நீ கையால் மறித்தாய். அவள் போனபின், "களைச்சுப் போனனடி" என்றாய். அவ்வளவுதான். என்னிடம் எதையும் ஒப்படைக்கவில்லை. அதை நான் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். நீ எதையும் கேட்கவில்லை.

உன் செத்தவீடு முடிந்து சில கிழமைகளில், ஹெந்தளையிலிருந்து ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தாள். உன் கணவர் மகனோடு கனடாவுக்குப் போய்விட்டார், உன் வீட்டில் வேறு ஆட்கள். பக்கத்து வீட்டார் என்னைக் காட்டிவிட்டார்களாம். அவளின் மகளைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டதாம்.

"அக்கா இல்லையோ?" என்றாள்.

"இல்லை. அவ போயிட்டா" என்றேன்.

படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் அப்போதுதான் வேலையால் வந்திருந்தேன். கால் வீங்கியிருந்தது. எனக்கு உன் சிங்களம் வராது, உன் தைரியமும் வராது. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு அவளோடு போனேன். அன்றைக்குப் பொலிஸ் நிலையத்தில் எங்களை உள்ளேயே விடவில்லை. மறுநாளும் போனோம். அந்தக் கிழமை முடிவில் மகள் வந்தாள். அடுத்து வந்த தாயின் மகன் வரவில்லை, இன்னும் இல்லை. அவள் மாதத்துக்கு ஒருமுறை வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறாள். என்ன சொல்லலாம் என்று உன்னிடம் கேட்க வேண்டும்போல இருக்கும்.

என்னை ஒருவரும் தெரிவுசெய்யவில்லை. நான் தேர்தலில் நின்று தோற்றவள்கூட இல்லை. எழும்பும்போதே உடம்பு அலுக்கிறது, போர் முடியும் என்று சொல்கிறவர்களை நம்பவும் அலுப்பாக இருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கையில் கீழே யாரோ வீட்டு இலக்கம் விசாரிக்கிற சத்தம் கேட்கிறது. நம் பக்கத்துப் பேச்சு. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.