கோன் செட் மாற்றிய வாரம்

அக். 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். பதினொரு வீடு, பதினொரு ரத்த சாம்பிள். பைக் ஹேண்டில் இன்னும் மோசம். நேராகப் போகும்போது நடுவில் ஒரு குழியில் போய் உட்கார்ந்துகொள்கிறது, திருப்ப வேண்டுமென்றால் வெடுக்கென்று இழுக்க வேண்டும். கோரமங்கலா திருப்பத்தில் பஸ்ஸை உரச இருந்தேன்.

மூலைக் கடை மெக்கானிக் பாய் முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். "கோன் செட் போச்சுக்கா. ஆயுத பூஜை லீவு முடிஞ்சு இப்பதான் கடை தொறந்தேன், எத்தினி வண்டி நிக்குது பாருங்க. அடுத்த வாரம்தான் ஆவும்." கோன் செட் என்றால் ஹேண்டில் திரும்புகிற கழுத்துக்குள் மேலே ஒன்று, கீழே ஒன்று இருக்கும் பேரிங். ஏழு வருஷமாக ஓட்டுகிறேன், இன்றுதான் தெரியும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சொன்னது தப்பு.

"வித்துடலாம். நான் வேல செய்யற அபார்ட்மெண்ட் பிளம்பர் கிரி கேட்டுனே இருக்கான். ஞாயித்துக்கிழமை ஆனேக்கல்ல இருந்து வரச் சொல்றேன். உனக்கு ஒரு ஸ்கூட்டர் பாப்போம்."

என் வண்டி. என் சம்பளம். முப்பத்தொரு வயதில் கியர் போடக் கற்றுக்கொண்டு வாங்கியது. என் பின்னால் உட்கார்ந்து வருவதென்றால் தெரு முனை வரை நடந்து வந்து அங்கே ஏறுகிற மனுஷன் இவர். இங்கே ஏறினால் நாலு பேர் பார்ப்பார்களாம். இவர் எனக்கு ஸ்கூட்டர் பார்க்கிறார்!

"சனிக்கிழமைக்குள்ள நானே சரி பண்ணிட்டா?"

சிரித்தார். "பண்ணிட்டா வெச்சிக்கோ."

"பள்ளத்துல உட்டு உட்டு ஒடச்சது நீங்க." ஒரு வருஷமாகச் சொல்வதுதான்.

அக். 7, செவ்வாய்

வெயில். போனில் ஒரே வீடியோவை நாலு தடவை பார்த்தாயிற்று.

வாங்கினது: கோன் செட், கிரீஸ் டப்பா.
வீட்டில் இருப்பது: ஸ்பானர், சுத்தியல் (அவருடையது, கேட்கவில்லை).
லேபிலிருந்து: பழைய கையுறை, டியூபில் ஒட்டும் ஸ்டிக்கர்.
இரவல்: பாயிடம் நீள ராடு. "எதுக்குக்கா?" "ஜன்னல் கொக்கி நிமித்த." அவர் நம்பவில்லை.

மதியம் புளிச்சாதம். உப்பு கம்மி.

அக். 9, வியாழன்

நேற்று மழை, தொடவில்லை. இன்று பதினொரு மணிக்கே சாம்பிள் வேலை முடிந்தது. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, முன்சக்கரம் தூக்கி நிற்கப் பின்சீட்டில் தண்ணீர் கேனைக் கட்டி, எஞ்சினுக்கு அடியில் செங்கல் வைத்தேன். ஒயர் ஒவ்வொன்றிலும் லேப் ஸ்டிக்கர்: இடது 1, இடது 2, ஹாரன். சக்கரம், ஹேண்டில், மேல் நட்டு, எல்லாம் வரிசையாகச் சாக்கின் மேல்.

ஹவுஸ் ஓனர் சங்கரம்மா மாடியிலிருந்து, "ஏன்ரீ இது? காடி எல்லா பிச்சி ஹாக்பிட்டிதீரா!" வண்டி முழுவதையும் பிரித்துப் போட்டுவிட்டேனாம். "ரெண்டு நாள் ஆன்ட்டி, க்ளீன் மாடி கொட்தீனி" என்றேன், இடத்தைச் சுத்தம் செய்து தருவதாக என் அரைகுறைக் கன்னடத்தில். போகவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கடைசி நட்டைக் கழற்றி முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை இறக்கியதும் பொலபொலவென்று பேரிங் குண்டுகள் உதிர்ந்தன. ஒன்று கூடப் பளபளப்பாக இல்லை. குண்டுகள் உட்காரும் கீழ்க் கப்பில் கிரீஸே இல்லை. சிவப்பாக ஒரு சேறு. துரு என்று நினைத்தேன். விரலில் தேய்த்துப் பார்த்தால் குங்குமமும் சேர்ந்திருக்கிறது. அதற்குள் சுற்றிச் சுற்றி நூல். மாலை நூல். ஒரு வருஷத்து நூல் இல்லை, மூன்று நான்கு வருஷத்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வண்டிக் கழுத்தில் மாலை சுற்றுவது நான். பூஜை மாலையை நாமே கழற்றக்கூடாது, தானாகக் காய்ந்து விழட்டும் என்று சட்டம் போட்டது நான். வாட்டர் வாஷ் கடையில் நின்று, "கழுத்துல நல்லா அடிங்கண்ணா, சாமிக்கு வெக்கிற வண்டி" என்று பைப்பை அங்கேயே காட்டச் சொன்னதும் நான்தான். நூல் உள்ளே இழுத்த தண்ணீர்தான் இத்தனையும் செய்திருக்கிறது. பள்ளமாவது மண்ணாவது.

நூலைக் கவரில் போட்டு ஸ்டிக்கர் ஒட்டினேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் தேதி மட்டும் எழுதினேன்.

அக். 10, வெள்ளி

சாம்பிள் பெட்டியோடு பஸ். ஒரு காலில் நின்று போனேன்.

பழைய கப்பை வெளியே தட்ட ஒன்றரை மணி நேரம். ராடை உள்ளே விட்டு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. கட்டை விரலில் ஒன்று வாங்கினேன். "டங்" என்று கீழே விழுந்ததும் சங்கரம்மா மேலிருந்து கை தட்டினார்!

புதுக் கப்புகள் காலையிலிருந்து ஃப்ரீசரில். குளிரில் கொஞ்சம் சுருங்குமாம், சுலபமாக இறங்குமாம். மதியம் சாப்பிட வந்த வீட்டுக்காரர் ஐஸ் எடுக்கப் போய், "இன்னாடி இது, மீன் டப்பால இரும்பு வளையம்?" கேட்டுவிட்டுக் கீழே வந்து, கழற்றிப் போட்டதையெல்லாம் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இத்த திரும்ப மாட்டத் தெரியுமா உனக்கு?"

"தெரியும்." தெரியாது.

கப் இறங்கிவிட்டது. பழைய கப்பை மேலே வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினேன். முழுதாக உட்கார்ந்ததும் சத்தமே மாறியது. அந்தச் சத்தத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். கிரீஸில் குண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டி, எண்ணி, இரண்டாம் தடவையும் எண்ணி மூடினேன்.

அக். 11, சனி

எல்லாம் மாட்டியாயிற்று. ஸ்டிக்கர் புண்ணியத்தில் ஹாரன் ஹாரனாகவே அடிக்கிறது. ஆனால் தெருவில் ஒரு சுற்று போனால் வண்டி குடிகாரன் மாதிரி அலைகிறது. அழுகை வந்துவிட்டது. மணி மூன்று, நாளை கிரி வருகிறான்.

முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து ஹேண்டிலைத் தட்டினேன். தன் கனத்தில் ஓரத்துக்குப் போக வேண்டியது பாதியில் நின்றது. ரொம்ப இறுக்கிவிட்டேன். நட்டைத் தளர்த்தினால் சக்கரம் லொடலொட. மறுபடி இறுக்கினால் அடம். நாலு தடவை. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, நரம்பு தேடும்போது விரலை வைக்கிற மாதிரி ஸ்பானரைப் பிடித்தேன். கொஞ்சம். இன்னும் துளி. போதும் என்று விரலே சொன்னது.

தட்டினேன். அழகாகச் சரிந்து இந்த ஓரம். மறுபடி தட்டினேன், அந்த ஓரம். ஆட்டம் இல்லை.

செய்தது நான்! பாய் இல்லை, வீட்டுக்காரர் இல்லை, நான்! ஈஜிபுரா சிக்னல் வரை போய் வந்தேன். வெண்ணெய் மாதிரி போகிறது.

அக். 12, ஞாயிறு

வரவேண்டாம் என்று கிரிக்கு இவர் சொல்லவே இல்லை. என்னால் முடியாது என்று அவ்வளவு நம்பிக்கை. பத்து மணிக்கு வந்தான், சாவி வாங்கி ஒரு சுற்று போனான். பல்லெல்லாம் தெரியத் திரும்பி வந்தான்.

"அண்ணே, புது வண்டி மாதிரி போவுது! யார்கிட்ட வேலைக்கு உட்டீங்க? நான் இப்பவே எடுத்துக்கறேன்."

நான் சரி செய்ததே விற்பதற்கு வசதியாகிவிட்டதே.

இவர் கொஞ்ச நேரம் ஹேண்டிலை இப்படியும் அப்படியும் திருப்பினார். "இல்ல கிரி. பள்ளத்துல உட்டு ஒடச்சது நான். சரி பண்ணது அவ. இத நான் எப்டி விக்கறது? வா, காப்பி குடிச்சிட்டுப் போ."

கிரி என்னைப் பார்த்த பார்வையை ஃப்ரேம் போட்டு மாட்டலாம். ஆனால் செய்யாத தப்பை இவர் தன் தலையில் போட்டுக்கொண்டாரே.

அவன் போனதும் கவரை எடுத்துக் கொடுத்தேன். பிரித்து, நூலை முகர்ந்து பார்த்தார். எல்லாம் சொன்னேன். மாலை, சட்டம், தண்ணீர் பைப்.

"அப்போ ஒரு வருஷமா நான் வாங்கின திட்டு?"

"தப்பு என்னுதுதான். மன்னிச்சிடுங்க." பதினாறு வருஷத்தில் முதல் தடவை சொல்கிறேன் என்று நினைக்கிறேன்.

சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போனார். கோபம் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடினேன். வண்டியைத் தெருவில் இறக்கி நிறுத்தி, சாவியை நீட்டினார்.

"ஓட்டு, பாப்போம்."

நான் ஸ்டார்ட் செய்தேன். தெரு முனைக்கு நடக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். மாடியில் சங்கரம்மா, எதிர்வீட்டில் நாலு பேர். வீட்டு வாசலிலேயே, என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினார்.